சேர்வருக்குள் தேயிலை

டொக்டர் நிஷாந்தி சுவிட்சைப் போட்டதும் அறைக்குள் ஹெலிகொப்டர் ஒன்று இறங்கியது போலிருந்தது. வெளியறையில் காலில் கட்டோடு படுத்திருந்த பேக்கரிக்காரரின் நாய் தலையைத் தூக்கி நீளமாக ஊளையிட்டது.

"நாயே சொல்லிருச்சு மிஸ்," என்று கத்தினார் அழகமுத்து. "இந்த வீட்ல சாவு விழுந்திருக்கு."

நஸ்லியா ஒரு காதைப் பொத்திக்கொண்டு, அணைக்கச் சொல்லி மற்றக் கையைக் காட்டினாள். இரைச்சல் நின்றது. நாய் இன்னும் அரை நிமிடம் ஊளையிட்டுவிட்டுத்தான் அடங்கியது.

பிலிமத்தலாவையில் கொழும்பு வீதியைப் பார்த்த கட்டடமொன்றின் கீழ்த்தளத்தில் இருந்தது அந்த மிருக வைத்தியசாலை. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. இன்று புதன். எக்ஸ்ரே படங்களையும் மிருகங்களின் விவரங்களையும் சேர்த்து வைப்பதற்கென்று வாங்கிய சேர்வர் கணினிதான் மேசைமேல் கிடந்து இப்படி அலறியது.

நஸ்லியா பதினொரு வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனிக்காக அடிபட்ட வாகனங்களைப் போய்ப் பார்த்தவள். நிறுத்தி வைத்த காரில் மரம் வந்து மோதியதாகச் சொல்லும் கடிதங்களைப் படித்துப் படித்து, பொய் சொல்கிறவர்களைப் பற்றிப் பட்டம் வாங்கும் அளவுக்குத் தேறியிருந்தாள். வேலையை விட்டபின் கண்டி நகரில் ஒரு தையல் கடைக்கு மேலே அறை எடுத்து, துப்பறியும் நிறுவனம் என்று பலகை மாட்டினாள். நிறுவனத்தில் மொத்தம் இரண்டு பேர். மற்றவர் மடுல்கெல்லையில் பிறந்து, ஐம்பத்திரண்டு வயதுவரை வாயை மூடாத ஆட்டோக்காரர் அழகமுத்து. ஆட்டோவும் தன்னுடையது, பேச்சும் தன்னுடையது, மிஸ்ஸுக்கு மூளை மட்டும்தான் சொந்தம் என்று எல்லோரிடமும் சொல்லுவார்.

"முதல்ல இருந்து செல்லுங்க டொக்டர்," என்றாள் நஸ்லியா.

நிஷாந்தி கதிரையில் உட்கார்ந்தார். இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

"சனிக்கிழம வந்துச்சு. சீல் வச்ச புதுப் பெட்டி. கண்டியில பஹீம்னு ஒருத்தர்கிட்ட வாங்கினது. அவரோட ஆளுங்கதான் பிரிச்சு மேசையில வச்சாங்க. அன்னிக்கு முழுக்க இந்தப் பக்கம் கரண்ட் இல்ல, அதனால போட்டுப் பாக்கல. ஞாயித்துக்கிழம, இங்க கடைத்தெருவுல கம்பியூட்டர் கடை வச்சிருக்கிற அமான் தனியா வந்து செட் பண்ணினாரு. திங்கக்கிழம நான் போட்டா இப்பிடிக் கத்துது. மத்தியானம் அதுவா நின்னும் போச்சு. வேற ஒரு டெக்னீஷியனக் கூப்பிட்டுத் திறந்தோம். உள்ள எல்லாமே பழசு."

"உள்ள இருந்த புதுச எடுத்துட்டுப் பழச வச்சிருக்கான்," என்றார் அலுமாரியில் சாய்ந்து நின்றவர். டொக்டரின் கணவர் சுதேஷ். கண்டியில் ஏதோ கம்பனியில் நிர்வாக அதிகாரி. மடிப்புக் கலையாத சட்டை. "இந்த ரூமுக்கு ரெண்டு சாவி. ஒன்னு எங்க கிட்ட. இன்னொன்னு அமான்கிட்ட. இதுல துப்பறியிறதுக்கு என்னங்க இருக்கு? நாளைக்குக் காலையில போலீஸ்ல எழுதிக் குடுக்கப்போறோம்."

"நான்தான் இவங்களக் கூப்பிட்டேன்," என்றார் நிஷாந்தி, கணவரைப் பார்க்காமல். "அமானும் எங்கள மாதிரி இப்பத்தான் தொழில் தொடங்கினவரு. ஒருத்தரத் திருடன்னு எழுதிக் குடுக்கிறதுக்கு முன்னால எனக்கு நிச்சயமாத் தெரியணும்."

நஸ்லியா மேசையருகே போனாள். பீட்சாப் பெட்டியை மூன்று மடங்கு கனமாக்கி நீட்டியதுபோல் ஒரு தட்டையான இரும்புப் பெட்டி. முன்முகம் பளபளவென்றிருந்தது. பின்பக்கத்தில் ஒரு மூலை உள்நோக்கி நசுங்கியிருந்தது. மேல்மூடியைத் தள்ளித் திறந்தாள். விசிறிகளின் இடுக்கிலெல்லாம் பழுப்பு நிறத்தில் மெல்லிய பஞ்சு படிந்திருந்தது.

அழகமுத்து ஒரு விரலால் அதை வழித்து மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகத்தில் இருந்த கேலி ஒரு கணம் காணாமல் போனது.

"மிஸ், இது வீட்டுத் தூசி இல்ல. தேயிலைப் பஞ்சு."

"என்னது?"

"எங்க பக்கம் ஸ்டோர்னு சொல்லுவோமே, தேயிலை ஃபெக்டரி, அதுல தூள் சலிக்கிற ரூம்ல இதுதான் பறக்கும். எங்கம்மா முப்பது வருஷம் இதத் தலையில சுமந்துக்கிட்டுத்தான் வீட்டுக்கு வந்துச்சு. சந்தேகம்னா ஒரு கேத்தல் சுடுதண்ணி குடுங்க, இந்த மெஷின்லயே எல்லாருக்கும் பிளேன்டீ ஊத்துறேன்."

சுதேஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நஸ்லியா சுதேஷைப் பார்த்தாள். பிறகு நிஷாந்தியிடம் கேட்டாள். "இந்த மாதிரி மெஷின்தான் வேணுமென்டு எப்பிடி முடிவு செஞ்சீங்க?"

"லிஸ்ட் குடுத்தோமே. மூனு கடைக்கு அனுப்பினோம். ரெண்டு கடையில இப்பிடி ஒன்னு எங்கயும் இல்லன்னுட்டாங்க. பஹீம் மட்டும்தான் இருக்குன்னாரு."

அலுமாரிக்குள்ளிருந்து ஒரு தாள் வந்தது. வைத்தியசாலையின் பெயர் அச்சடித்த கடிதத்தாள். கீழே நிஷாந்தியின் கையெழுத்து.

"நீங்களா எழுதினீங்க?"

"என் கையெழுத்துத்தானே இருக்கு."

நஸ்லியா படித்தாள். கணினியின் மூளையான ப்ரொசெசர் இரண்டு. எட்டு ஹார்ட் டிஸ்க். இரும்புச் சட்டத்தில் செருகும் தட்டை வடிவம். கடைசி வரியில் அவள் விரல் நின்றது.

"தராசு இணைக்க நாலு போர்ட். டொக்டர், உங்கள்ட்ட எத்தின தராசு இரிக்கி?"

"ஒன்னு."

"நாலு மாட்ட ஒரே நேரத்துல நிறுக்கிற யோசனை ஏதும் இருக்குதுங்களா?" என்றார் அழகமுத்து. "பந்தயம் மாதிரி?"

"பின்னால தேவைப்படலாம்னு போட்டதா இருக்கும்," என்றார் சுதேஷ்.

அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள் நஸ்லியா.

*

அமானின் கடை, கடைத்தெருவின் மறுகோடியில், ஒரு கதவு மட்டும் உள்ள அறை. உள்ளே இருபத்தெட்டு வயது அமான் வேலை எதுவுமில்லாத மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மிஸ், நான் மூடியே தெறக்கல்ல," என்றான். "வொரண்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்திச்சி. சொஃப்ட்வெயார் மட்டும்தான் போட்டேன்."

"சத்தம் போட்டுச்சா?"

"போட்டுச்சி. இந்த மாதிரி மெஷின் சத்தம் போடத்தான் செய்யும். கொழும்பில பெரிய கம்பனிகள்ல தனி ரூமுக்குள்ள ஏசி போட்டு வெப்பாங்க. நாலு பேர் வேலை செய்ற இடத்துக்கு இது எதுக்கு என்டு லிஸ்ட்டப் பாத்தப்பவே நெனச்சேன். அவங்க கேக்கல்ல, நானும் செல்லல்ல. வாடிக்கைக்காரர் ஆசைப்படுறதக் குறை செல்லிப் பழக்கமில்ல." துணியைக் கீழே வைத்தான். "ஆனா மிஸ், ஹார்ட் டிஸ்க் எத்தின மணித்தியாலம் ஓடியிருக்கென்டு அதுவே கணக்கு வெச்சிருக்கும். பாத்தேன். நாலு வருஷம் ஓடின டிஸ்க். அத ஒரு பேப்பர்ல எழுதி அந்த மேசையிலதான் வெச்சிட்டு வந்தேன். திங்கக்கிழம கேட்டா, பேப்பர் ஒன்டுமே இல்லையாம்."

"யாரும் நம்பல்லயா?"

"சுதேஷ் சேர் எல்லாருக்கும் முன்னால கள்ளன் என்டு செல்லிட்டாரு. பேக்கரிக்காரர், ஃபார்மஸிக்காரர், ரெண்டு பேரும் இனி வர வேணாம் என்டுட்டாங்க. உம்மாக்கு நான் இன்னும் செல்லல்ல."

அழகமுத்து ஆட்டோவைத் திருப்பும்போது, "நல்லாத் துடைக்கிறான் மிஸ், அந்த மேசைய," என்றார்.

*

கண்டி நகரத்தில் ஒரு சந்துக்குள், மாடிப்படி ஏறிப் போகவேண்டிய இடம் பஹீமின் கடை. நஸ்லியா படிக்கட்டின் பாதியில் நின்றுகொண்டாள். அழகமுத்து சட்டைக் கொலரை இழுத்துவிட்டு மேலே போனார்.

"வாங்க, வாங்க. என்ன வேணும்?" என்றது உள்ளிருந்து ஒரு தாராளமான குரல்.

"நான் கோழிப் பண்ணை வச்சிருக்கேன். பதினாயிரம் கோழி. எல்லாத்தையும் கம்பியூட்டர்ல ஏத்தணும்."

"பதினாயிரத்தையுமா?"

"பேரு வச்சிருக்கேங்க ஒவ்வொன்னுக்கும்."

படிக்கட்டில் நஸ்லியா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எனக்கு சேர்வர் வேணும். பெருசா. தட்டையா. எட்டு டிஸ்க். நாலு தராசு மாட்டணும்."

மேலே கதிரை நகரும் சத்தம் கேட்டது. பிறகு பஹீம் வருத்தத்தோடு சொன்னார். "நாலு தராசா? என்ன அநியாயம். அப்பிடி ஒன்டு போன கிழமைதான் போச்சி. ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா உங்களுக்கே தந்திருப்பேன்."

"வேற ஒன்னு வரவழைக்க முடியாதா?"

"அந்த மாதிரி இப்ப யாரும் செய்றதில்ல. அது அஞ்சு வருஷத்துக்கு முந்தி ஆர்டர் குடுத்துச் செஞ்சது. தெல்தோட்டைப் பக்கம் ஒரு ஸ்டோர்ல ஏலம் போட்டாங்க. நான் எடுத்து ரெண்டு கிழமை மூலையில கெடந்திச்சி. யார் வாங்குவா என்டு இருந்தேன். திடீரென்டு ஒரு லிஸ்ட் வருது. வரிக்கு வரி அந்த மெஷின்! அல்லாஹ் வாசல்ல கொண்டுவந்து விட்ட மாதிரி."

நஸ்லியா மிச்சப் படிகளை ஏறி உள்ளே வந்தாள். கைப்பையிலிருந்து தாளை எடுத்து மேசையில் விரித்தாள்.

"இந்த லிஸ்ட்டா?"

பஹீமின் பார்வை தாளுக்கும் அவளுக்கும், அவளிடமிருந்து பதினாயிரம் கோழிகளின் தகப்பனுக்கும் போனது. தகப்பன் பல்லைக் காட்டினார்.

"புது மெஷின் என்டு பில் போட்டிருக்கீங்க," என்றாள் நஸ்லியா.

"முன் மூடி புதுசுதானே. பெட்டியும் புதுசு."

"ஆமா, ஸ்டிக்கரும் புதுசு. அத விட்டுட்டீங்களே," என்றார் அழகமுத்து. "பல்லு கட்டினா கிழவன் மாப்பிள்ளை ஆயிடுவானா?"

பஹீம் உட்கார்ந்தார். அப்புறம் பேச்சு வேகமாக முடிந்தது. மெஷினைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகவும், பழைய மெஷின் என்று தெரிந்தே விற்றதாகவும், அமான் என்பவரைத் தனக்குத் தெரியவே தெரியாது என்றும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதி முடித்தவர் நஸ்லியாவிடம் பரிதாபமாகச் சொன்னார்.

"ஆனா ஒன்டு மிஸ். நான் விக்க மட்டும்தான் செஞ்சேன். அதக் கேட்டது அவங்கதான்."

சந்துக்கு வந்ததும் அழகமுத்து கையைத் தட்டினார். "கேஸ் முடிஞ்சிச்சு. பையன் தப்பிச்சான். இனிச் சோறு."

"முடியல்ல, முத்தண்ணே." நஸ்லியா ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். "ஒரு மிருக டொக்டர் எழுதின லிஸ்ட், தேயிலை ஸ்டோர்ல கெடந்த மெஷினோட வரிக்கு வரி பொருந்துது. இது தற்செயலா?"

"பஹீம் எழுதிக் குடுத்திருப்பான்."

"அப்பிடியென்டா வாசல்ல கொண்டுவந்து விட்ட மாதிரி என்டு ஆச்சரியப்படுவாரா? அவரு பொய்க்காரர். ஆனா அந்த ஆச்சரியம் உண்மை. பதினொரு வருஷம் நான் இதத்தான் பாத்தேன். லிஸ்ட்ட எழுதினவங்க அந்த மெஷினக் கண்டிருக்கோணும்."

"அப்ப சோறு?"

"தெல்தோட்டைல."

*

கலஹா தாண்டியதும் வீதி மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. ஆட்டோ ஒவ்வொரு வளைவிலும் இருமியது. அழகமுத்து அதற்குத் தைரியம் சொல்லிக்கொண்டே ஓட்டினார். "கொஞ்சம்தாண்டா ராசா, கொஞ்சம்தான். அந்த வளைவுல ஒரு மாடு நிக்குது, அதுக்கு முன்னால மானத்த வாங்கிடாத." சோறு தெல்தோட்டை டவுனில் கிடைத்தது. கருவாட்டுக் குழம்பு. அதன்பின் அவர் யாரையும் குறை சொல்லவில்லை.

பஹீம் சொன்ன ஸ்டோரின் அலுவலகம் சலிக்கும் அறையை ஒட்டியிருந்தது. சுவர்களில்கூட பழுப்புப் பஞ்சு. கிளார்க் வேலை பார்க்கும் அழகம்மா நாற்பது வயதுக்காரி, மூக்குக் கண்ணாடியை நிமிடத்துக்கு ஒருமுறை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். சேர்வர் என்ற வார்த்தையைக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"அந்தப் பேய் மெஷினுங்களா? அது போனதுக்கு நாங்க பூசை வச்சோம். அது கத்துற சத்தத்துல அஞ்சு வருஷம் போன்ல ஒரு வார்த்த கேக்கல. இந்தாங்க, இப்ப இருக்கிறது." மேசையின் கீழ் ஒரு பிஸ்கட் டின் அளவில் கறுப்புப் பெட்டியொன்று சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. "இதே வேலைய இது செய்யிது. சம்பளம் கேக்காததுதான் குறை."

"நாலு தராசு எதுக்கு?"

"தோட்டத்துல நாலு டிவிஷன்ல இருந்து கொழுந்து வருதுங்களே. ஒவ்வொன்னுக்கும் ஒரு தராசு."

"அந்தப் பெருசத் தெரிஞ்செடுத்தது யாரு?"

"கண்டி ஒஃபிஸ்ல இருந்து ஒரு சேர். அவருதான் லிஸ்ட் எல்லாம் போட்டு வாங்கிட்டு வந்தாரு. பாவம், கொண்டு வந்த அன்னிக்கு யாரையும் தொட விடல. தானே தூக்கிக்கிட்டு வந்து, அந்தப் படியில வழுக்கி..." அழகம்மா வாசற்படியைக் காட்டினாள். "டமார்னு ஒரு சத்தம். மெஷினோட மூலை உள்ள போயிருச்சு. அவரு முகத்தப் பாக்கணுமே. யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு எங்க எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தாரு. டீ ஸ்டோர்லங்க!"

நஸ்லியா சிரிக்கவில்லை. "ஏலத்துக்கு வந்ததும் அவர்தானா?"

"இல்லைங்க. ஏலத்துக்கு வேற ஆளு வந்தாரு. ஆனா அந்த சேர் பழைய ஃபைல் வேணும்னு அதுக்குக் கொஞ்சம் பொறவு ஃபோன் பண்ணினாரு. அந்த லிஸ்ட்ட ஃபோட்டோ புடிச்சு அனுப்பச் சொன்னாரு. நான்தான் அனுப்பினேன்."

"பேரு?"

"சுதேஷ் சேர்."

அழகமுத்து வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. நஸ்லியாவுக்குத் தெரிந்து இதுதான் முதல்தடவை.

இறக்கத்தில் பாதி வழி வந்தபிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. "கட்டின பொண்டாட்டிக்கே கள்ளக் கூட்டு வச்சு வித்திருக்கானா, அந்த மனுஷன்?"

"தெரியா," என்றாள் நஸ்லியா. "நாலு மணிக்கு அவங்க பூட்ட முந்திப் போய்ச் சேந்தாக் கேட்டுடலாம்."

*

அவர்கள் போனபோது நிஷாந்தி சுவரில் விலைப்பட்டியல் மாட்டிக்கொண்டிருந்தார். சுதேஷ் முறைப்பாட்டுக் கடிதத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்.

நஸ்லியா பஹீமின் தாளை மேசையில் வைத்தாள். நிஷாந்தி வாசித்தார். வாசித்து முடித்ததும் அவர் தோள்கள் தளர்ந்தன.

"அப்ப அமான் இல்ல."

"இல்ல."

"பாத்தியா," என்றார் சுதேஷ் உடனே. "அந்தக் கடைக்காரன்தான். சரி, நல்லவேளை. முடிஞ்சிச்சு."

"இன்னும் ஒரு கேள்வி இரிக்கி," என்றாள் நஸ்லியா. "டொக்டர், காலைல லிஸ்ட் நீங்களா எழுதினீங்க என்டு கேட்டேன். என் கையெழுத்துத்தானே இருக்கு என்டீங்க. நான் கேட்டது, எழுதினது யாரென்டு. கையெழுத்துப் போட்டது யாரென்டுதான் நீங்க செல்லிட்டீங்க."

நிஷாந்தி திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

"எழுதித் தந்தது இவரு. எனக்கு இதெல்லாம் தெரியாதே. அவங்க ஒஃபிஸ்ல இவருதான் பாக்கிறாரு. அதான் கேட்டேன்."

"நாங்க தெல்தோட்டை போய்ட்டு வாறோம், சேர்," என்றாள் நஸ்லியா.

"நல்ல படிங்க அங்க," என்றார் அழகமுத்து. "வழுக்கும்."

சுதேஷ் கையிலிருந்த பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். பக்கத்து அறையில் நாய் கட்டைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் பஹீமோட சேரல," என்றார் கடைசியில். "சத்தியமா. அவன் யாருன்னே எனக்குத் தெரியாது. நிஷா கேட்டா, என்ன மெஷின் வாங்கலாம்னு. எனக்குத் தெரியாதுங்க. அன்னிக்கும் தெரியாது, அஞ்சு வருஷத்துக்கு முன்னாலயும் தெரியாது. கம்பனியில யாரோ ஒரு கடைக்காரன் சொன்னத எழுதிக் குடுத்தேன், அதுக்கு அப்புறம் எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க. தெரியாதுன்னு இவகிட்ட சொல்ல வாய் வரல. பழைய லிஸ்ட்ட எடுத்துப் பேர மட்டும் மாத்தினேன்."

"தராசக்கூட மாத்தல," என்றார் அழகமுத்து. இந்தமுறை மெதுவாக.

"சனிக்கிழம பெட்டியப் பிரிச்சாங்க. பின்னால அந்த நசுங்கல். நான் போட்ட நசுங்கல். அதே மெஷின்! அந்த இடத்துல சொல்லியிருந்தா..."

"ஏன் சொல்லல?" நிஷாந்தியின் குரல் மிகவும் தணிந்திருந்தது.

"சொன்னா எப்பிடித் தெரியும்னு கேப்ப. லிஸ்ட்டு கதை வரும்."

"அதுக்காக அமானத் திருடன்னு சொன்னீங்க."

"நீ திறந்து பாத்துட்ட. பழசுன்னு தெரிஞ்சிருச்சு. வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். அப்புறம் எல்லாரும் நம்பினாங்க. அப்புறம் அத எப்பிடித் திருப்பி எடுக்கிறதுன்னு..."

அவர் பர்ஸைத் திறந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். அமானின் கையெழுத்து. "டொக்டர், இந்த டிஸ்க் புதிதல்ல. நாலு வருடம் ஓடியுள்ளது. கடையில் கேட்கவும்." கீழே ஞாயிற்றுக்கிழமைத் திகதி.

"கிழிச்சுப் போட மனசு வரல," என்றார்.

நிஷாந்தி அந்தத் தாளை இரண்டு முறை வாசித்தார். பிறகு மேசையிலிருந்த முறைப்பாட்டுக் கடிதத்தை எடுத்து, கணவரின் கையில் வைத்து, வாசலைக் காட்டினார்.

"போங்க. அவரு கடைக்குப் போங்க. நான் வரமாட்டேன். நீங்களாப் போய்ச் சொல்லுங்க."

*

போனார். நஸ்லியாவும் அழகமுத்துவும் வீதியின் மறுபக்கம் ஆட்டோவுக்குள் இருந்தபடி பார்த்தார்கள். ஒரு கதவு மட்டும் உள்ள அந்தக் கடையில் இரண்டு பேர் நிற்பது தெரிந்தது. ஒருவர் நிறையப் பேசினார். மற்றவன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான். கடைசியில் அமான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். சுதேஷ் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார்.

"என்ன சொன்னான் சேர்?" என்று அழகமுத்து கேட்டார்.

"எல்லாருக்கும் முன்னால சொன்னீங்க, எல்லாருக்கும் முன்னாலயே மாத்திச் சொல்லுங்கன்னான்."

வியாழக்கிழமை காலையில் அந்த இரும்புப் பெட்டி அழகமுத்துவின் ஆட்டோவில் பின்சீட்டு முழுவதையும் பிடித்துக்கொண்டு பஹீமின் கடைக்குத் திரும்பிப் போனது. மத்தியானம் நிஷாந்தி அமானின் கடைக்கு நேரே போய், வெற்றுத் தாளையும் பேனாவையும் அவன் முன் வைத்து, "எனக்கு ஒன்னும் தெரியாது, நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்," என்றார்.

அமான் கதிரையை அவர் பக்கம் நகர்த்தினான். பிறகு மெஷினைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் கேள்வி கேட்டான். எத்தனை பேர் ஒரே நேரத்தில் வேலை செய்வீர்கள்? நாலு. ஒரு நாளைக்கு எத்தனை எக்ஸ்ரே? ஆறு, ஏழு. கரண்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்க வேண்டும்? எது தொலைந்தால் உங்களால் தாங்கிக்கொள்ள முடியாது?

"பழைய எக்ஸ்ரே," என்றார் நிஷாந்தி. "கால் ஒடிஞ்ச ஆட்ட ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்பக் கொண்டுவருவாங்க. ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும்."

"அப்ப சின்ன நிமிந்த பெட்டி ஒன்டு போதும் டொக்டர். சத்தம் இருக்காது. ரெண்டு டிஸ்க், ஒன்டுல இருக்கிறது அப்பிடியே மத்ததுலயும் இருக்கும். ஒன்டு செத்தாலும் மத்தது நிக்கும். கரண்ட் போனா ஒழுங்கா அணையிறதுக்கு ஒரு யூபிஎஸ். மூனாவது கொப்பி ஒன்டு வேற டிஸ்க்ல, அத நீங்க வெளிய எடுத்துட்டுப் போகோணும். இந்தக் கட்டடத்துக்குள்ள வெக்க வேணாம். திருடன் வந்தாலும், தண்ணி வந்தாலும்..." திருடன் என்ற வார்த்தையில் அவன் கொஞ்சம் நின்றான். பிறகு தொடர்ந்தான். "அவ்வளவுதான்."

நிஷாந்தி எழுதியது நாலு வரி. அதைத் தானே இரண்டு கடைக்குக் கொண்டுபோனார். இரண்டு கடையிலும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் வைத்தியசாலைக்குள் கால் வைக்க இடமில்லை. பூனைக் கூடைகள், ஒரு ஆடு, யாரையும் நம்பாத ஒரு கிளி, பேக்கரிக்காரர், ஃபார்மஸிக்காரர், தட்டில் கேக். நாடா வெட்டியதும் டொக்டர் நன்றி சொல்லித் தொடங்குவார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சுதேஷ் முன்னே வந்தார். சட்டை அன்று கசங்கியிருந்தது.

"போன திங்கக்கிழம இதே இடத்துல நான் அமானத் திருடன்னு சொன்னேன்," என்றார். "அது பொய். பொய்யின்னு தெரிஞ்சேதான் சொன்னேன். பழைய மெஷின் வந்தது அவராலயில்ல. அத முதல்ல கண்டுபிடிச்சுச் சொன்னவரே அவருதான். அவரு எழுதி வச்ச பேப்பர நான்தான் ஒளிச்சேன். ஏன்னா எனக்குக் கம்பியூட்டரப் பத்தி ஒன்னுமே தெரியாது, அது என் மனைவிக்குத் தெரியக்கூடாதுன்னு நினைச்சேன்."

ஆடு கத்தியது.

"அமான், எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்கிறேன்."

பேக்கரிக்காரர் தரையைப் பார்த்தார். ஃபார்மஸிக்காரர் பேக்கரிக்காரரைப் பார்த்தார். நிஷாந்தி கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மன்னிப்பு இன்னும் இல்லை. ஆனால் கொஞ்ச நேரமாக அவர் பார்வையைத் திருப்பவுமில்லை.

"மிஸ்," என்று நஸ்லியாவின் காதருகே கிசுகிசுத்தார் அழகமுத்து. "இப்ப நான் ஏதாச்சும் சொன்னாத் தப்பா?"

"தப்பு."

அமான் அறைக்குள் மேசைக்குக் கீழே இருந்தான். புதுப் பெட்டியின் பின்பக்கம் பாதி வேலை மிச்சம். எல்லாவற்றையும் அங்கிருந்தே கேட்டான். எழுந்து வெளியே வரவில்லை. பிறகு மேசையின் கீழிருந்து அவன் குரல் மட்டும் வந்தது.

"சேர், இங்க ஒருக்கா வாங்க. இந்த வயரப் புடிங்க. விட்டுடாம."

சுதேஷ் முழங்காலிட்டு உள்ளே போனார்.